பத்தை எண்பதாக்குதல்: ஏடி9850 ஜெனரேட்டருக்கு ஒரு க்ளாக் பெருக்கி – நிகழ்வு ஆய்வு

நண்பர் ஒருவரின் சிக்னல் ஜெனரேட்டர் இது. ஏடி9850 டிடிஎஸ் மாட்யூல் (ஒரு க்ளாக் அலையிலிருந்து வேண்டிய அதிர்வெண்ணை எண் கணக்கால் உருவாக்குவது), சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஒரு டிஸ்ப்ளே. பொழுதுபோக்காக எலெக்ட்ரானிக்ஸ் செய்பவர்கள் பலரும் ஒருமுறையாவது கட்டிப் பார்க்கும் வடிவம். மாட்யூலின் மேல் 125 மெகாஹெர்ட்ஸ் உலோக டப்பா ஆஸிலேட்டர் உட்கார்ந்திருக்கும். அதன் துல்லியம்தான் ஜெனரேட்டரின் துல்லியம். சாதாரண ஆஸிலேட்டரில் பத்து லட்சத்தில் 50 பங்கு பிழை இருந்தாலே, 10 மெகாஹெர்ட்ஸ் கேட்டால் 500 ஹெர்ட்ஸ் தள்ளி வரும். வெயில் ஏறினால் அந்த 500-உம் நிலைக்காது.

நண்பரிடம் ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் ரெஃபரன்ஸ் ஒன்று இருந்தது. அதையே ஜெனரேட்டருக்கும் க்ளாக் ஆக்கிவிட்டால் பிழை என்ற பேச்சே இருக்காது. 10-ஐ 125 ஆக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டிய முதல் பலகை வேலை செய்தது, ஆனால் வெளியே வந்த அலை அழுக்காக இருந்தது. அந்தப் பலகை என் மேசைக்கு வந்தது. ஐசி தேர்விலிருந்து தொடங்கி, இறுதிப் பலகை வரை நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

ஏன் 125?

10-க்கும் 125-க்கும் இடையிலான விகிதம் 12.5. பின்களை மேலே கீழே கட்டி விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும் எளிய பெருக்கி ஐசிகளில் இந்த எண் கிடையாது. நண்பர் அதனால் இரண்டு ஐசிஎஸ்501-ஐ வரிசையாக வைத்திருந்தார்: முதலாவது 2 மடங்கு, அடுத்தது 6.25 மடங்கு. 10, 20, 125. கணக்கு சரி.

ஆனால் இந்த ஐசிகளுக்குள் இருப்பது பிஎல்எல்: வெளியீட்டை உள்ளே வரும் அலையோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டே இருக்கும் லூப். ஒரு பிஎல்எல்லின் வெளியீட்டை இன்னொரு பிஎல்எல்லுக்கு ஊட்டும்போது, முதலாவதன் ஜிட்டரை (துடிப்புகளின் நேரத் தடுமாற்றத்தை) இரண்டாவது பின்தொடரும், அதன் மேல் தன் ஜிட்டரையும் சேர்க்கும். தவிர 6.25 என்பது 25-ஐ 4-ஆல் வகுத்தது. உள்ளே வரும் அலையை முதலில் வகுத்துவிட்டு, வகுத்ததை அதிக மடங்கு பெருக்கித்தான் இப்படிப்பட்ட விகிதம் கிடைக்கும். ஒப்பிடும் அதிர்வெண் குறையக் குறைய, பெருக்கும் மடங்கு கூடக் கூட, லூப்பின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகும். முழு எண் மடங்கு கிடைக்கும் இடத்தில் பின்ன மடங்கைத் தொடாமல் இருப்பது நல்லது.

ஏடி9850-க்கு 125 வேண்டும் என்று யார் சொன்னது? 125 என்பது 5 வோல்ட்டில் அதன் உச்ச வரம்பு, 3.3 வோல்ட்டில் 110. வரம்புக்குள் எந்த க்ளாக் கொடுத்தாலும் அது வேலை செய்யும். நிரலில் ஒரு மாறிலியை மாற்றினால் போதும். நண்பருக்கு வேண்டியது 25 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அப்படியானால் 10-ஐ 8-ஆல் பெருக்கி 80-இல் ஓட்டலாம். ஒரே ஐசி, முழு எண் மடங்கு. இதில் இன்னொரு லாபமும் உண்டு: 10 மெகாஹெர்ட்ஸ் வெளியீடு க்ளாக்கில் சரியாக எட்டில் ஒரு பங்கு. ட்யூனிங் எண் (வேண்டிய அதிர்வெண்ணைச் சொல்லி டிடிஎஸ்ஸுக்கு அனுப்பும் எண்) 536870912, அதாவது இரண்டின் 29-ஆவது அடுக்கு. கட்டத்தின் (ஃபேஸ்) கடைசி பிட்களைக் கத்தரிப்பதால் வரும் போலி அலைகள் அந்த இடத்தில் எழவே எழா. அதிர்வெண்ணை மாற்றும் படி அளவும் 0.029 ஹெர்ட்ஸிலிருந்து 0.0186 ஆகச் சிறுக்கிறது.

விலை கொடுக்காமல் இது வராது. டிடிஎஸ்ஸில் எப்போதும் க்ளாக்கிலிருந்து வெளியீட்டைக் கழித்த இடத்தில் ஒரு பிம்ப அலை நிற்கும். 125-இல் ஓடும்போது 25 மெகாஹெர்ட்ஸுக்கு அது 100-இல் இருக்கும். 80-இல் ஓட்டினால் 55-க்கு இறங்கிவிடும். சந்தையில் கிடைக்கும் மாட்யூல்களில் இருக்கும் ஃபில்டர் சுமார் 70 மெகாஹெர்ட்ஸ் வரை விடுவது. 55 அதில் தாராளமாக நுழைந்து வெளியே வரும். ஆகவே 30-க்கு அருகில் வெட்டும் ஏழாம் வரிசை எலிப்டிக் லோ-பாஸ் ஒன்றை வெளியே சேர்க்க வேண்டியிருந்தது. ஐசியை மாற்றினால் ஃபில்டரையும் தொட வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

எந்த ஐசி

நண்பரின் பட்டியலில் நான்கு பெயர்கள் இருந்தன.

எஸ்ஐ5351-ஐ முதலில் சொல்ல வேண்டும், எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். உள்ளே 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸில் ஓடும் பிஎல்எல், ஐ2சி வழியாக ஏறக்குறைய எந்த அதிர்வெண்ணும் வாங்கலாம். ஆனால் எளிதாகச் சால்டர் செய்யக்கூடிய 10 கால் 'ஏ' வகை, கிரிஸ்டலுக்காகச் செய்யப்பட்டது. வெளி க்ளாக்குக்கென்றே ஒரு பின் உள்ள 'சி' வகை 20 கால் க்யூஎஃப்என்; வயிற்றுக்கடியில் உலோகத் திண்டு, 0.5 மில்லிமீட்டர் இடைவெளி, பக்கவாட்டில் கால்களே வெளியே நீட்டாது. சூடான காற்று இருந்தால் செய்யலாம், அயர்ன் மட்டும் இருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். அதையும் தாண்டினால், அதன் வெளியீடு 3.3 வோல்ட். 5 வோல்ட்டில் ஓடும் ஏடி9850-இன் க்ளாக் பின் 3.5 வோல்ட்டையாவது பார்த்தால்தான் 'உயர்' என்று ஒப்புக்கொள்ளும். இங்கேயே அது விலகிவிட்டது.

சிடிசிஇ913, 14 கால் டிஎஸ்எஸ்ஓபி, 0.65 மில்லிமீட்டர் இடைவெளி. கை நடுங்காதவர் செய்துவிடலாம். ஆனால் உள்கருவுக்கு 1.8 வோல்ட் தனியாக வேண்டும், நிரல் எழுதித்தான் பழக்க வேண்டும், வெளியீடு இதிலும் 3.3-ஐத் தாண்டாது. 74எச்சி4046 என்ற பிஎல்எல் ஐசியை ஒரு பழைய பாசத்தில் எழுதியிருந்தார் போல. அதன் விசிஓ (வோல்ட்டுக்கு ஏற்ப அதிர்வெண் மாறும் ஆஸிலேட்டர்) 80 மெகாஹெர்ட்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

மீதி ஐசிஎஸ்501 குடும்பம். 8 கால் எஸ்ஓஐசி, 1.27 மில்லிமீட்டர் இடைவெளி, 3 முதல் 5.5 வோல்ட், நிரல் எதுவும் தேவையில்லை. எஸ்0, எஸ்1 என்ற இரண்டு பின்கள்தான் மடங்கைத் தீர்மானிக்கும். ஒவ்வொன்றும் மூன்று நிலை ஏற்கும்: கிரவுண்ட், சப்ளை, எதிலும் கட்டாமல் விடுவது. இரண்டையும் சப்ளையில் கட்டினால் 8 மடங்கு. 5 வோல்ட்டில் 160 மெகாஹெர்ட்ஸ் வரை தரும், 3.3-இல் 100 வரை. 80 இரண்டிலும் அடங்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 501-உம் 511-உம் கால் அமைப்பில் ஒன்று. ஒன்றைக் கழற்றி மற்றதை வைத்தால் உட்காரும், ஓடும். ஆனால் அட்டவணை ஒன்றல்ல. எஸ்1-ஐக் கட்டாமல் விட்டு எஸ்0-ஐக் கிரவுண்டில் கட்டினால் 501 தருவது 6.25 மடங்கு, 511 தருவது 2.5. இணையான ஐசி என்று கடையில் கொடுப்பது இந்த இரண்டில் எதற்கு இணை என்று டேட்டாஷீட்டைத் திறந்து பார்க்காமல் வாங்கக்கூடாது. 8 மடங்குக்கு மட்டும் கவலையில்லை, இரண்டிலும் இரு பின்களும் மேலேதான். 502 வேறு ஜாதி: 5 மடங்கோடு நின்றுவிடும். (501-இல் 5.3125 என்று ஒரு விசித்திர மடங்கு இருப்பதைப் பார்த்து நண்பர் சிரித்தார். 20-ஐ அதனால் பெருக்கினால் 106.25, ஃபைபர் சேனல் கருவிகளின் க்ளாக் அது.)

கட்டாமல் விடும் நடு நிலை எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. உள்ளே இருக்கும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்கள்தான் அந்தப் பின்னைப் பாதி வோல்ட்டில் பிடித்து வைத்திருக்கின்றன. கழுவாத ஃப்ளக்ஸ், ஈரம், நீளமான ஜம்பர் ஒயர் எல்லாம் அதை ஒரு பக்கம் இழுக்கப் பார்க்கும். மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து இயக்குபவர்கள் பின்னை இன்புட் ஆக்குவதோடு நிறுத்தாமல் உள் புல்-அப்பையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'நடு' என்று நினைத்தது 'மேல்' ஆகிவிடும். 8 மடங்கில் இந்தத் தலைவலி ஏதுமில்லை. அதுவும் 80-ஐத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்.

ஜிட்டர் போதுமா? 501-க்குச் சொல்லப்படும் பீரியட் ஜிட்டர் ஒரு சிக்மாவில் 25 பிகோவினாடி. 80 மெகாஹெர்ட்ஸின் ஒரு சுற்று 12.5 நானோவினாடி, 25 பிகோ அதில் 0.72 டிகிரி. அதே க்ளாக்கிலிருந்து டிடிஎஸ் 10 மெகாஹெர்ட்ஸை உருவாக்கும்போது நேரப் பிசகு அதே 25 பிகோதான், ஆனால் சுற்று 100 நானோவாக நீண்டுவிட்டதால் 0.09 டிகிரி ஆகிவிடுகிறது. டெசிபெலில் 18 குறைவு. டிடிஎஸ் ஒரு வகுப்பான் மாதிரி நடந்துகொள்வதால் சுமாரான க்ளாக்கையும் ஓரளவு மன்னிக்கும். இதே ஐசியை அதிவேக ஏடிசிக்கு (அலையை மாதிரி எடுத்து எண்ணாக்கும் ஐசி) க்ளாக்காகக் கொடுக்க மாட்டேன்: 10 மெகாஹெர்ட்ஸ் அலையை 25 பிகோ ஜிட்டரோடு மாதிரி எடுத்தால், ஏடிசி எத்தனை பிட் இருந்தாலும் 56 டெசிபெல்லைத் தாண்டாது. ஒன்பது பிட் அளவுதான். பீரியட் ஜிட்டரை இப்படி நேராகப் போடுவது கறாரான கணக்கல்ல, முதல் வடிகட்டலுக்குப் போதும்.

முதல் பலகையில் என்ன நடந்தது

அடாப்டர் பலகையில் ஐசி, அதன் பின்கள் பிரெட்போர்டில், மாட்யூலுக்கு ஜம்பர் ஒயர், எல்லாவற்றுக்கும் சப்ளை ஒரு ஸ்விட்சிங் அடாப்டர். 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலை நேராக ஐசியின் முதல் காலில். தேர்ந்தெடுத்த 8 மடங்கை முதலில் இந்தப் பலகையிலேயே மாற்றிப் பார்த்தோம், ஒப்பிட ஏதாவது வேண்டுமே.

க்ளாக்கைப் பார்க்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் தேவைப்படவில்லை. ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் ரேடியோ ரிசீவர்) 24 மெகாஹெர்ட்ஸிலிருந்து கேட்கும், 80 அதன் எல்லைக்குள். நல்ல அட்டென்யூவேட்டர் வைத்து ஊட்டினால் போதும். திரையில் இரண்டு நோய் தெரிந்தது. நடுக் கோட்டுக்கு இரு பக்கமும் சம தூரத்தில் கூர்மையான பக்கப்பட்டைகள் ஒன்று. நடுக் கோட்டின் அடிவாரமே பாவாடை போல அகன்று கிடந்தது மற்றொன்று. கேபிளைத் தொட்டால் அது அசைந்தது, சில சமயம் பூட்டே விட்டுப் போயிற்று.

இரண்டுக்கும் ஒரே காரணம் என்று எடுத்துக்கொண்டு கெப்பாசிட்டர்களை அள்ளிப் போடுவதுதான் வழக்கம். தனித்தனியாகப் பிரித்தால் வேலை சுருங்கும். பெருக்கி ஐசிக்கு மட்டும் சப்ளையைப் பிடுங்கி, நான்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லில் ஓட்டினோம். 4.8 வோல்ட். (புது அல்கலைன் செல் நான்கு போட்டால் 6 வோல்ட், ஐசியின் வேலை வரம்பு 5.5.) கூர்மையான பக்கப்பட்டைகள் இரைச்சலுக்குள் மறைந்தன. பாவாடை அப்படியே நின்றது.

பக்கப்பட்டைகளின் கதை எளிது. பிஎல்எல்லுக்குள் இருக்கும் விசிஓவுக்குச் சப்ளையின் ஒவ்வொரு சிணுங்கலும் அதிர்வெண் மாற்றமாகத் தெரியும். லூப்பின் பட்டை அகலத்துக்குள் வரும் தொந்தரவை லூப் திருத்திவிடும். அதற்கு மேலே வருவதைத் திருத்தாது. ஸ்விட்சிங் சப்ளையின் அதிர்வெண்கள் சரியாக அந்தச் சிக்கலான இடத்தில்தான் விழுகின்றன.

பாவாடைக்குக் காரணம் உள்ளே வரும் அலை. ரெஃபரன்ஸ் தருவது 50 ஓமில் +7 டிபிஎம், அதாவது உச்சிக்கு உச்சி 1.4 வோல்ட். 501-இன் க்ளாக் பின் கேட்பது சப்ளையின் பாதிக்கு ஒரு வோல்ட் மேலும் ஒரு வோல்ட் கீழும்: குறைந்தது 2 வோல்ட் ஆட்டம். வருவது போதவில்லை, அது பூட்டியதே ஆச்சரியம். அளவு மட்டுமல்ல, சரிவும் போதாது. 10 மெகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட் சைன் அலை நடுக்கோட்டைக் கடக்கும் வேகம் நானோவினாடிக்கு சுமார் 0.044 வோல்ட். வாசலில் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் இருந்தால் கடக்கும் நேரம் 22 பிகோவினாடி தடுமாறும். நானோவினாடிக்கு ஒரு வோல்ட் ஏறும் சதுர அலையில் அதே இரைச்சல் ஒரே ஒரு பிகோதான் ஆட்டும். பெருக்கி ஐசி இந்தத் தடுமாற்றத்தைப் பிரித்தறியாது. வருவதை எட்டு மடங்காக்கி அனுப்பும். அப்பழுக்கில்லாத பெருக்கியிலேயே 8 மடங்குக்கு கட்ட இரைச்சல் 18 டெசிபெல் ஏறும்.

எனவே முன்னால் ஒரு 74எச்சியூ04 (ஆறு இன்வெர்ட்டர் கேட்கள் உள்ள ஐசி) சேர்ந்தது. ரெஃபரன்ஸ் கேபிளுக்கு 51 ஓம் முடிவு, 10 நானோஃபாரட் வழியாக முதல் கேட், அந்த கேட்டின் வெளியிலிருந்து உள்ளே 100 கிலோ ஓம். அது தானாகவே தன் வாசல் வோல்ட்டில் போய் நிற்கும். பின்னால் இன்னும் இரண்டு கேட்கள் அலையைச் செங்குத்தாக்கும். மீதி மூன்றின் உள்ளீடுகளும் கிரவுண்டில்; மிதக்க விட்டால் அவை சொந்தமாக ஆடத் தொடங்கும். பாவாடை சுருங்கிவிட்டது.

இரண்டாம் பலகை, கையால்

இதற்கு அடாப்டர் பலகை வேண்டாம் என்று முடிவு செய்தேன். அந்தப் பலகையில் ஐசியின் சப்ளை காலிலிருந்து கெப்பாசிட்டருக்குப் போய்த் திரும்பும் பாதை எளிதாக 20 மில்லிமீட்டர். மில்லிமீட்டருக்கு ஒரு நானோஹென்றி என்று தோராயமாகப் போட்டால் 20 நானோஹென்றி. 80 மெகாஹெர்ட்ஸில் அது 10 ஓம். கெப்பாசிட்டர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

501-இல் இரண்டாம் கால் சப்ளை, மூன்றாம் கால் கிரவுண்ட், பக்கத்துப் பக்கத்தில். வடிவமைத்தவர்கள் நமக்காகவே வைத்தது. 0603 அளவு கெப்பாசிட்டர் 1.6 மில்லிமீட்டர் நீளம், கால் இடைவெளி 1.27. 0.01 மைக்ரோஃபாரட் ஒன்றை இரு கால்களின் பாதத்துக்கு நேர் முன்னால் குறுக்காகப் படுக்க வைத்துச் சால்டர் செய்யலாம்.

அடியில் முழுக் கிரவுண்ட் உள்ள இரட்டைப் பக்கச் செப்புப் பலகையில், தேவையான திண்டுகளை மட்டும் கத்தியால் வெட்டி எடுத்தேன். ஐசியைத் தலைகீழாக ஒட்டிக் கால்களில் நேராக ஒயர் கட்டும் டெட்பக் முறையும் இதற்குப் பொருந்தும். ஆனால் கவிழ்த்தால் கால் எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிடும். முதல் காலை மார்க்கரால் வயிற்றுப் பக்கம் குறித்துவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும்.

சால்டரிங்கில் பலரும் ஊசி முனை டிப்பை எடுக்கிறார்கள். அது வெப்பத்தைக் கடத்தாது. சுமார் 2 மில்லிமீட்டர் உளி முனை, 63/37 ஈயம் (183 டிகிரியில் உருகும்), அயர்ன் 330 டிகிரி பக்கம், தாராளமான ஃப்ளக்ஸ். ஒரு மூலைத் திண்டில் மட்டும் முதலில் சொட்டு ஈயம். ஐசியை ட்வீசரால் பிடித்து அந்தச் சொட்டை உருக்கி உட்கார வைத்து, லென்ஸில் எட்டுக் கால்களும் திண்டின் நடுவில் நிற்கின்றனவா என்று பார்த்து, பிறகு எதிர் மூலை. அந்த இரண்டு கால்கள் பிடித்துவிட்டால் மீதி ஆறும் அவசரமில்லை. கிரவுண்ட் காலைக் கடைசிக்கு வைத்தேன். பெரிய செப்புப் பரப்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், டிப்பைக் கூடுதல் நேரம் வைக்க வேண்டும். ஈயம் பளபளப்பாக இருந்தும் பாதத்தின் விளிம்பில் ஏறாமல் உருண்டு நின்றால் அது ஒட்டவில்லை. கழுவல் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில்.

முதல் காலில் சதுர அலை, எட்டாம் காலில் எதுவும் இல்லை (அது கிரிஸ்டலின் மறுமுனை). நான்கும் ஆறும் (எஸ்1, எஸ்0) சப்ளையில். ஏழாம் கால் வெளியீட்டைத் திறக்கும் பின். அதையும் சப்ளையிலேயே கட்டிவிட்டேன். ஐந்தாம் காலில் இருந்து 33 ஓம், காலை ஒட்டியே. ஐசியின் சொந்த 20 ஓமோடு சேர்ந்து 50 ஓம் கேபிளுக்குச் சமமாகும். சப்ளைக்குத் தனி 78எல்05 (5 வோல்ட் ரெகுலேட்டர்), அதன் பின் 10 ஓமும் 10 மைக்ரோஃபாரட்டும். 20 மில்லியாம்ப் போனால் 0.2 வோல்ட் இழப்பு, 1.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எல்லாம் மட்டுப்படும்.

மாட்யூலில் இருந்த உலோக டப்பாவைக் கழற்றுவதுதான் கைக்குச் சிரமமான வேலை. நான்கு திண்டும் ஒரே நேரத்தில் உருகவேண்டும். பக்கத்து பிளாஸ்டிக் ஹெடரைப் பாலிஇமைட் டேப்பால் மூடிச் சூடான காற்றில் எடுத்தேன். டப்பா தானாக நகரும்வரை இழுக்கக்கூடாது, இழுத்தால் திண்டும் கூடவே வரும். மூன்றாம் திண்டு வெளியீடு, இரண்டாவது கிரவுண்ட். மெல்லிய கோஆக்ஸ் இந்த இரண்டிலும்.

சோதனை

100 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பில் 80 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை சைன் அலையாகத்தான் தெரியும், மூன்றாம் ஹார்மோனிக் 240-இல் இருப்பதால். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். ப்ரோபின் நீளமான கிரவுண்ட் கிளிப் போட்டால் இல்லாத அலறலும் தெரியும்; முனையில் சுற்றும் சிறு ஸ்பிரிங்தான் இதற்குச் சரி.

பூட்டியிருக்கிறதா என்பதை அலை இருப்பதை வைத்துத் தீர்மானிக்கக்கூடாது. ரெஃபரன்ஸைப் பிடுங்கினாலும் விசிஓ ஏதோ ஒரு அதிர்வெண்ணில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வேறொரு மூலத்திலிருந்து 9 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தோம், வெளியே 72 வந்தது. 9.5-க்கு 76. பிறகுதான் 10-ஐ இணைத்தோம்.

நிரலில் ஒரு சின்ன வேலை மிச்சம் இருந்தது. 8 பிட் ஏவிஆர் மைக்ரோகன்ட்ரோலரில் 'டபுள்' என்று எழுதினாலும் கிடைப்பது 32 பிட் ஃப்ளோட்தான். அதில் ட்யூனிங் எண்ணைக் கணக்கிட்டால் 10 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அரை ஹெர்ட்ஸ் அளவுக்கு வட்டமிடல் பிழை வரும். ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய பிறகு அதை ஏன் தாங்க வேண்டும்? 64 பிட் முழு எண் கணக்காக மாற்றினோம்.

இப்போது 80-ஐ எஸ்டிஆரில் பார்த்தால் பழைய பக்கப்பட்டைகள் இல்லை, அடிவாரம் குறுகியிருக்கிறது. பேட்டரியில் ஓடியபோது இருந்ததற்கும் இப்போதைக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒன்று மட்டும் போகவில்லை: க்ளாக்கின் இரு பக்கமும் 10 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, 70-இலும் 90-இலும் ரெஃபரன்ஸின் கசிவு. டிடிஎஸ் 7 மெகாஹெர்ட்ஸ் தரும்போது 17-இல் சன்னமாக ஒரு போலி அலை எழுவது அதனால்தான். அது ஃபில்டருக்குள் விழுவதால் ஃபில்டர் அதைத் தடுக்காது. ரிசீவரின் லோக்கல் ஆஸிலேட்டராக இதைப் பயன்படுத்துவதானால் பெருக்கிக்கும் டிடிஎஸ்ஸுக்கும் நடுவில் 80-க்கு ஒரு குறுகிய எல்சி பேண்ட்பாஸ் வைக்க வேண்டியிருக்கும். நண்பர் இதை ஃபில்டர்களை அளக்கவும் ரேடியோக்களைச் சரிபார்க்கவும் வைத்திருக்கிறார். அந்த வேலைக்கு பேண்ட்பாஸ் இல்லாமலே விட்டுவிட்டோம்.